பிள்ளை முன்னால், சித்தப்பா பின்னால்

என் சித்தப்பா ஜெகநாதன் போட்ட தாழ்ப்பாளை மறுபடி இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் படுத்ததில்லை. பஸ் ஏறினால் கண்டக்டரிடம், "இது ஆரணிதானே போவுது?" என்று கேட்பார். டிக்கெட் கைக்கு வந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம் அதையே கேட்பார். எங்கள் ஊர்க் கோட்டை மைதானம் கண்ணில் பட்ட பிறகுதான் முதுகைச் சாய்ப்பார். சாய்த்த உடனே இறங்க வேண்டியிருக்கும்.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியென்று படவில்லை. தேள் கொட்டிய காலோடு அன்றைக்கு நெய்ய வேண்டியதை நெய்துவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்த மனிதர் அவர். தனக்காக அவர் பயந்து நான் பார்த்ததில்லை. பயமெல்லாம் மற்றவர்களுக்காக. கமலம் சித்தி சொல்வாள்: "கல்யாணமான புதுசுல இப்டி இல்லம்மா. மொதல் கொழந்த போனப்பறந்தான் இப்டி." அந்தக் குழந்தைக்கு ஒரு வயசுகூட நிரம்பவில்லை. காலையில் அவர் தறியில் உட்காரும்போது தூளியில் சிரித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட எழுந்தபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. விளக்கு வைப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு சித்தப்பா பகலில் கண்ணயர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

பிறகு சிவப்பிரகாசம் பிறந்தான், லீலா பிறந்தாள், ராஜவேலு பிறந்தான். மூவரும் கல்லுக்குண்டு மாதிரி வளர்ந்தார்கள். சித்தப்பாவின் கவலையும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்குப் பதினாலு வயசாகும் வருஷம், பொங்கல் கழித்துத் தறி ஓய்ந்திருக்கும் நாட்களில், பெற்றவர் ஒருவர் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பர்வதமலைக்கு நடப்பார். ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் உண்டு. நானும் என் அப்பா சுப்பராயலுவோடு போய் வந்தவள்தான். முதுகில் மூட்டை, காலில் செருப்பு, வழியில் கோயில் மண்டபங்களில் தங்கல். போகும்போது பெற்றவர் முன்னால் நடந்து வழி காட்டுவார். மலையுச்சியில் சாமியைத் தொட்டுக் கும்பிட்டதும் மூட்டை பிள்ளையின் தோளுக்கு மாறும். அங்கிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பிள்ளைதான் முன்னால். எங்கே திரும்புவது, எங்கே தங்குவது, எப்போது சாப்பிடுவது எல்லாம் பிள்ளையின் பாடு. பெற்றவர் பின்னால் வரலாமே தவிர வாயைத் திறக்கக் கூடாது. திறந்து வழி சொன்னால் நடை செல்லாது. அடுத்த வருஷம் மறுபடி போக வேண்டும்.

எதற்கு இப்படி என்று நான் அப்பாவிடம் கேட்டதுண்டு. அப்பா சுற்றிவளைக்கிறவர் இல்லை. "நாங்க செத்துட்டா நீ வூட்டுக்கு வந்து சேரணும் இல்ல?" என்றார்.

செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வதும் அப்பாதான். தன் தம்பி என்பதற்காக அவர் இளகியதில்லை. சித்தப்பா முதலில் சிவப்பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டு போனபோது, மலையிலிருந்து இறங்க ஆரம்பித்த உடனேயே, "கால பாத்து வையிடா" என்றுவிட்டார். செல்லவில்லை. அடுத்த வருஷம் மறுபடி போனார்கள். மலை இறங்கி, ஆறு கடந்து, தேவிகாபுரம் தாண்டி, எங்கள் தெருமுனை வரைக்கும் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு வாசல் தெரிகிற இடத்தில் பையன் ரோட்டைக் கடக்கக் காலெடுத்தான். "லாரி! லாரி!" என்று சித்தப்பா அலறிவிட்டார்.

"லாரி அவன் கண்ணுக்கும் தெரியுமில்ல?" என்றார் அப்பா. அதுவும் செல்லவில்லை. மூன்றாவது வருஷம் அப்பாவே பையனைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். சித்தப்பாவுக்கு அது பெரிய தலைகுனிவு. பெற்ற பிள்ளையைப் பின்னால் நின்று பார்க்கத் தெரியாதவன் என்று ஆகிவிட்டதே என்று சித்தியிடம் சொல்லி வருத்தப்பட்டாராம்.

லீலாவின் முறை எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் வந்தது.

லீலாவை அனுப்ப எங்கள் எல்லோருக்குமே கொஞ்சம் யோசனை இருந்தது. அவள் கெட்டிக்காரிதான். ஆனால் நினைப்பு ஓரிடத்தில் நிற்காது. கடைக்குப் போகச் சொன்னால் தெருமுனையில் பூனை குட்டி போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். வலது எது, இடது எது என்று கேட்டால் சாப்பிடுகிற கையை ஒருதரம் பார்த்துக்கொள்வாள். சித்தி மட்டும் துளிகூடக் கலங்கவில்லை.

"அது போவும், வரும். நீங்கதான் வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு வரணும்" என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

வேலூர்ச் சந்தையில் பழைய பொருள் விற்பவரிடம் அப்பா வாங்கி வைத்திருந்த மிலிட்டரி பை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இரண்டு வார்ப்பட்டையோடு முதுகில் மாட்டிக்கொள்ளும் பை. அதில் சித்தப்பா போர்வை, டார்ச், கயிறு, தலைவலித் தைலம், துணிக்கட்டு, அவல், வெல்லம், புளிச்சோறு என்று திணித்தார். குடை தனியாகக் கையில். தை மாதத்தில் எதற்குக் குடை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருந்தோம்.

போகிற வழி நன்றாகவே போனது. முன்னால் நடப்பது சித்தப்பாவுக்குப் பிடித்த வேலை. "இங்க கல்லு", "இங்க முள்ளு", "இந்த நாய் ஒருமாதிரி பாக்குது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். தேவிகாபுரத்தில் ஒரு ராத்திரி தங்கி, கலசபாக்கம் பக்கம் செய்யாற்று மணலில் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் ஆற்றைத் தாண்டி, கடலாடி வழியாக மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செங்குத்துப் பாறையில் அடித்திருக்கும் கடப்பாறைக் கம்பிகளைப் பிடித்து ஏறும்போது, லீலாவின் ஒவ்வொரு காலுக்கும் தானே இடம் சொன்னார். இனிமேல் சொல்ல முடியாதே என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் உச்சியில் சாமி கும்பிட்டார்கள். சித்தப்பா பையை எடுத்து மகளின் முதுகில் மாட்டினார். வார்ப்பட்டையை இழுத்துச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். லீலா திரும்பிப் பார்த்து, "உடுப்பா, போலாம்" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்.

கம்பிகளில் லீலா நிதானமாக இறங்கினாள். அவளைப் பார்க்க முடியாமல் சித்தப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கி, தன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அடிவாரம் வந்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சிவப்பிரகாசத்தோடு முதல் தடவை தோற்ற இடத்தைத் தாண்டியாயிற்று.

அடிவாரத்துக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலாடிக்குப் போகும். இன்னொன்று புளியமரங்களுக்கு இடையில் புகுந்து எங்கேயோ போகும். லீலா புளியமரப் பக்கம் திரும்பினாள்.

சித்தப்பா பிரியும் இடத்திலேயே நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். லீலா திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே நடந்தார். "அந்த நேரத்துல என் நாக்க ரெண்டா வெட்டியிருந்தாக்கூட வலிச்சிருக்காது பூங்காவனம்" என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உச்சி வெயில் வரை அந்தப் பாதையிலேயே போனார்கள். புளியமரங்கள் முடிந்து கொல்லைகள் வந்தன. கடலாடி வரவில்லை. லீலாவின் நடை மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு மேட்டில் நின்று மலையைத் திரும்பிப் பார்த்தாள். மலை இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அப்போதுதான் தப்பு அவளுக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியதாம். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று திரும்பாமலே நின்றிருக்கிறாள்.

பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட கொல்லையில் ஒரு அம்மா களை வெட்டிக்கொண்டிருந்தார். லீலா வரப்பில் இறங்கிப் போய்க் கேட்டாள்.

"அக்கா, கலசபாக்கத்துக்கு எப்டி போறது?"

"கலசபாக்கமா? அத உட்டுட்டு எங்கியோ வந்துகினு கீறியே பாப்பா!" அந்த அம்மா நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். "இன்னாண்ணா, இத்தாம் பெரிய மனுசன் கூட வர. புள்ளைக்கு வழி சொல்லக் கூடாது? வாய்ல இன்னா?"

சித்தப்பா கையை விரித்தார். வாயைத் தொட்டுக் காட்டினார்.

"அடப் பாவமே, ஊமையா?"

லீலா முகம் மாறாமல் சொன்னாள்: "வூட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்குந்தான்க்கா."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனுஷி. பானையிலிருந்து கூழ் ஊற்றிக் கொடுத்து, வழியும் சொன்னார். திரும்பிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். இப்படியே நேராகப் போனால் ஆறு வந்துவிடும். எதிர்க்கரையில் இரட்டைப் பனைமரம் நிற்கும். அதை நேராகப் பார்த்துக்கொண்டு தாண்டினால் தேவிகாபுரத்துப் பக்கம் போகிற வண்டிப்பாதை. "முட்டிக்கால் தண்ணிதான். பயப்படாத. ஆனா மணல் எடுத்த எடம் அங்கங்க குழியா கெடக்கும், பாத்துப் போ."

வேலியோரம் கிடந்த ஒரு நீளக் கழியை லீலா கேட்டு வாங்கிக்கொண்டாள். சித்தப்பா இதைக் கவனித்தார். குழி என்ற வார்த்தை விழுந்ததிலிருந்து அவருக்குக் கூழ் இறங்கவில்லை.

ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் முழுக்க வற்றவில்லை. அகலமான மணல், நடுவில் பழுப்பாய் ஓடும் தண்ணீர். லீலா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையை மேலே ஏற்றிக்கொண்டு இறங்கினாள். கழியை முன்னால் ஊன்றி, அழுத்திப் பார்த்து, பிறகு காலை வைத்தாள். சித்தப்பா சில அடி பின்னால். தண்ணீர் கணுக்கால், கெண்டைக்கால், முட்டி என்று ஏறியது. நடு ஆற்றில் லீலா ஊன்றிய கழி திடீரென்று பாதிக்கு மேல் உள்ளே போனது.

"லீலா!"

அந்தக் குரலைக் கேட்டுக் கரையில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தனவாம். சித்தப்பா குடையை விட்டுவிட்டார். மகளைப் பிடிக்கத் தண்ணீரில் ஓடினார். ஓடியவர் அவளுக்குப் பக்கவாட்டில் கால் வைத்தார். குழி அங்கேதான் அகலமாக இருந்தது. மார்பு வரை உள்ளே போய்விட்டார்.

லீலா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கழியைக் கிடையாக நீட்டினாள். "இத்தப் புடிப்பா. ஒதறாத. இந்தப் பக்கமா வா. என் கால் நிக்குதில்ல, இங்க தரை இருக்குது, வா." அவர் பிடித்துக்கொண்டார். அவள் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தாள். மணல் சரிந்து, மறுபடி சரிந்து, கடைசியில் அவர் காலுக்கும் தரை கிடைத்தது. பிறகு குழியைச் சுற்றிக்கொண்டு, அவள் கழி ஊன்றிய இடத்தில் மட்டும் அவர் காலை வைத்து, இரட்டைப் பனைக்கு வந்து சேர்ந்தார்கள். குடை எங்கேயோ போய்விட்டது.

கரையில் உட்கார்ந்த சித்தப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. லீலா வேட்டித் தலைப்பைப் பிழிந்துவிட்டாள்.

"ஏம்ப்பா, அடி கிடி பட்டுச்சா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு அடக்க முடியாமல், "பேசிட்டேனேம்மா" என்றார். "உன் நடையும் போச்சு. என்னாலதான்."

"இன்னா பேசின?"

"கத்தினேனே. ஊருக்கே கேட்டிருக்கும்."

"என் பேரத்தான கூப்ட்ட? அதுல இன்னா வழி இருக்குது?" லீலா பையைத் திறந்தாள். "கோல் உள்ள எறங்கிச்சு, நான் நின்னுட்டேன். அதுக்கு அப்பறந்தான் நீ கூப்ட்ட. நின்னவளுக்கு எதுக்கு வழி? சரி, இப்ப வாய மூடிகினு இரு. சாப்புடலாம்."

பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. புளிச்சோறு உலர்ந்தபடியே இருந்தது. அவள் உருண்டை பிடித்து அவர் கையில் வைத்தாள். முதல் கவளம் உள்ளே போகும்போது சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்கப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்தது. லீலாவும் சிரித்தாள். இத்தனை வருஷமாக எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாரோ, ஏறக்குறைய அதுவே நடந்தது. தண்ணீர், குழி, பிள்ளை, எட்டாத கை. நடந்து முடிந்து இரண்டு பேரும் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளை நின்ற இடம் தரையாக இருந்தது. குழியில் விழுந்தது அவர்தான். அவரையும் தூக்கியாயிற்று. நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது என்று சொல்வார்.

சாப்பிட்டதும் ஈர வேட்டி காயட்டும் என்று பனைமர நிழலில் சாய்ந்தார். சாய்ந்தவர் தூங்கிவிட்டார்.

"பூங்காவனக்கா, அப்பா பகல்ல கொறட்ட உட்டத அன்னிக்குத்தான் கேட்டேன்" என்று லீலா என்னிடம் சொன்னாள். எழுப்பலாமா என்று யோசித்தாளாம். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் பக்கம் போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுப்பவில்லை. துண்டை அவர் முகத்தின் மேல் வெயில் படாமல் போட்டுவிட்டு, ஈரச் செருப்புகளை வெயிலில் வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவரிடம் பக்கத்தில் தங்க இடம் உண்டா என்று விசாரித்துக்கொண்டாள். சித்தப்பா எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. எங்கே போகிறோம் என்று அவர் முகம்கூடக் கேட்கவில்லை. அவள் எழுந்ததும் எழுந்து பின்னால் நடந்தார். பக்கத்து ஊர் பஜனை மடத்தில் அன்றைக்குத் தங்கினார்கள்.

இங்கே ஆரணியில் நாங்கள் பேஜாராகிக் கிடந்தோம். வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. சித்தியின் தைரியமெல்லாம் கரைந்து, போளூர் ரோட்டுப் பக்கம் போய் நிற்பதும் வருவதுமாக இருந்தாள். அப்பா சைக்கிளில் தேவிகாபுரம் வரை போய்ப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். சைக்கிளுக்குக் காற்று அடித்து முடிக்கும்போது, தெருவில் லீலா வந்தாள். முதுகில் பை, கையில் கழி. பின்னால் சித்தப்பா சட்டை முழுக்கச் சேற்றுக் கறையோடு, கையை வீசிக்கொண்டு வந்தார். சித்தி ஓடிப்போய் இரண்டு பேரையும் மாறி மாறித் தடவிப் பார்த்தாள். அப்பா பம்பைக் கீழே போட்டார். அப்போது அவர் விட்ட மூச்சை நான் கேட்டேன்.

வாசற்படி ஏறியதும் சித்தப்பா முந்திக்கொண்டார். "அண்ணா, நான் வாயத் தொறந்துட்டேன். ஆத்துல."

"இன்னா சொன்னே?"

"லீலானு கூப்ட்டேன்."

அப்பா லீலாவைப் பார்த்தார். "அவன் கூப்ட்டதுனாலதான் நின்னியா?"

"இல்ல பெரியப்பா. கோல் எறங்குனதும் நானே நின்னுட்டேன். ஆனா புளியமரத்தாண்ட தப்பாத் திரும்பிட்டேன். அப்ப அப்பா ஒண்ணுமே சொல்லல. அரை நாள் என் பின்னால சும்மாவே வந்தாரு."

தெரிந்தே அரை நாள் சும்மா வந்தான் என்பதை அப்பாவால் நம்ப முடியவில்லை. "ஜெகநாதா, மெய்யாவா?" என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

"லாரின்னு கத்தினா அது வழி. பேரு வழி இல்ல. செல்லும்" என்றார் அப்பா.

சித்தி உள்ளே போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். இரண்டு பேரும் குளித்தார்கள். அன்றைக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல். மொச்சைக்கொட்டைக் குழம்பு. லீலா தட்டில் கையை வைத்தபடியே தூங்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகு சித்தப்பா ஆளே மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கத்தான் செய்தார். புதுக் குடை வாங்கிக்கொண்டார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தறிக்குழி ஓரத்தில் பாயை விரித்து ஒரு குட்டித் தூக்கம் போடும் பழக்கம் வந்தது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பாத்திரம்கூட உருட்டமாட்டோம்.

எண்பத்து மூன்றில் லீலா ஆசிரியைப் பயிற்சிக்கு வேலூர் போனாள். முடித்துவிட்டுச் சேத்துப்பட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். கல்யாணமும் ஆயிற்று.

எண்பத்தைந்தில் ராஜவேலுவின் முறை வந்தபோது சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. என் அப்பா தான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். கமலம் சித்தி மிலிட்டரி பையை இறக்கித் தூசி தட்டினாள். "பெத்தவங்கதானே போகணும்? நானும் பெத்தவதானே" என்றாள்.

அம்மாவும் மகனும் சொன்ன நாளில் சொன்ன மாதிரி திரும்பி வந்தார்கள். சித்தி வெயிலில் கறுத்து, கால் வீங்கி, வாயெல்லாம் சிரிப்பாக வந்தாள். மலைமேலிருந்து பார்த்தால் ஏரிகளெல்லாம் கண்ணாடித் துண்டுகளாகக் கிடப்பதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, நெய்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.